மூன்றாவது டிக்கெட்

தங்கதுரை மூன்றரைக்கு எழுந்தான். அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. மோட்டார் சுவிட்சைப் போட்டான். பல் துலக்கினான். தொட்டி நிரம்பிய சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். பிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான். அடுப்பைப் பற்றவைத்தான். பால் பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். பொங்கியது. அணைத்தான். வழக்கமாக ஒரு டம்ளர் எடுப்பான். இன்று இரண்டு எடுத்தான்.

மாமியார் மயிலாத்தாள் குளித்து முடித்து, ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நேற்று மாலைதான் குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

“அடுப்பெல்லாம் பத்த வெக்கறீங்க மாப்பிள்ளை.”

“கத்துக்கிட்டனுங்க அத்தை.”

“எப்பப் பழகுனீங்க?”

“அதுக்கப்புறந்தானுங்க.”

எதற்கப்புறம் என்று இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லாமலே ஒரு வருடத்தை நெருங்கிவிட்டார்கள். மயிலாத்தாள் காப்பியை வாங்கி இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாயில் இருமல் வந்தது. வறட்டு இருமல். புகையிலை காயப்போட்ட காலத்திலிருந்து இருக்கிறது, மருந்துக்கும் போகவில்லை, கஷாயத்துக்கும் போகவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மீதிக் காப்பியைக் குடிக்காமல் கழுவி வைத்தாள்.

இன்னும் ஒரு மாதத்தில் அனுப்பிரியாவுக்கு வருசக் காரியம்.

மயிலாத்தாளுக்கு அவள் ஒரே மகள். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தங்கதுரை வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்கிற மெர்ச்சண்டைசர். காலையில் இருவரும் ஒரே வாசலில் வண்டியை எடுத்து ஆளுக்கொரு பக்கம் திரும்புவார்கள். அன்றும் அப்படித்தான் திரும்பினார்கள். சாயப்பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுபோன டேங்கர் லாரி ஒன்று பல்லடம் ரோட்டில் அவளுடைய ஸ்கூட்டியை இடித்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. ஆகவே அவள் கடைசியாகப் பேசியது வீட்டு வாசலில்தான். அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

இழவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியை அன்று மாலை மயிலாத்தாளும் கேட்டாள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கண்ணு கடைசியா என்னங்க சொன்னா?” என்றாள்.

அவனுக்கு அது வார்த்தை வார்த்தையாகத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. ஏனென்றால் அதைச் சொன்னால், அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

“போட்டுல போலாம்னு சொன்னாளுங்க அத்தை,” என்றான்.

முழுப்பொய் இல்லை. நாலைந்து நாளைக்கு முன்னால் சொன்னதுதான். அவளுடைய செக்கிங் டேபிள் பெண்கள் கொச்சிக்கு டூர் போய் வந்திருந்தார்கள். காயலுக்கு நடுவில் சின்னச்சின்னத் தீவுகளாம். கவர்மெண்ட் போட்டாம். டீ விலைக்கும் குறைவான டிக்கெட்டாம். ஒரு தீவில் இறங்கிச் சுற்றிவிட்டு அடுத்த போட்டைப் பிடித்து இன்னொன்றுக்குப் போகலாமாம். “நாமளும் ஒரு ஞாயித்துக்கெழமை போய்ட்டு வரலாமுங்க” என்றாள். ஷிப்மெண்ட் போகட்டும் என்று அவன் சொன்னான். திருப்பூரில் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில். கல்யாணம், காதுகுத்து, பல்வலி எல்லாமே ஷிப்மெண்ட் போன பிறகுதான்.

மயிலாத்தாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சுமங்கலியாகப் போனவளுக்கு வருசக் காரியத்தில் புதுச்சேலை வைத்துக் கும்பிட வேண்டும். அவள் ஆசைப்பட்டதையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். முறுக்கு வைக்கலாம், மல்லிகைப்பூ வைக்கலாம், பவுடர் டப்பா வைக்கலாம். போட்டை எப்படி இலையில் வைப்பது? பலநாள் யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். படையலில் வைக்கப்போகிற சேலையை முதலில் போட்டில் ஏற்றிக்கொண்டு போய் வருவது. அப்படி ஒரு சாங்கியத்தைக் குன்னத்தூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவள் யாரையும் கேட்கவும் இல்லை.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதைத் தங்கதுரை அறிவான். விபத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் பங்காளி வீட்டில் கட்டுச்சோத்து விருந்து. முழுகாமல் இருந்த பெண்ணுக்குப் பெண்கள் வரிசையாக வளையல் போட்டார்கள். அனுப்பிரியாவும் வரிசையில் போய் நின்றாள். கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் மயிலாத்தாளே, “நீ அக்கட்ட வா கண்ணு, புள்ளை பெத்தவங்க போடட்டும்” என்று கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டாள். அனுப்பிரியா கையிலிருந்த வளையலைத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவில்லை.

“கோவத்தோட போயிருந்தான்னா நான் வெக்கற சேலையை எடுத்துக்குவாளுங்களா மாப்பிள்ளை?” என்று போன மாதம் கேட்டாள். “கோவமிருந்தா போட்டுல போலாம்னு சொல்லுவாளுங்களா அத்தை?” என்று அவன் திருப்பிக் கேட்டான். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு முழுக்கத் தன்னுடைய ஒரு பொய்யின்மேல் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். இன்று கொச்சிக்குப் போகிற ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவனால் உட்கார முடியவில்லை. பாலக்காடு வரை கதவருகிலேயே நின்றான்.

எர்ணாகுளம் ஜெட்டியில் வெயில் ஏறியிருந்தது. மரப்படகு பெரியது, கூரை போட்டு, பெஞ்சு வரிசைகளோடு டவுன் பஸ்ஸைப் போலத்தான் இருந்தது. டீசல் நாற்றம். முன்னால் சக்கரம் பிடித்திருந்தவர் ஒரு கயிற்றை இழுத்தால் உள்ளே மணி அடித்தது. மணிச் சத்தத்தைக் கேட்டு இன்ஜின்காரர் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். மயிலாத்தாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் பையை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அரக்குச் சேலை. மடிப்புக் கலையாதது.

“மூணு டிக்கெட் எடுங்க மாப்பிள்ளை.”

“ரெண்டு பேர்தானுங்க அத்தை.”

“மூணுங்க.”

கண்டக்டர் மூன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தமிழும் மலையாளமுமாக, “மூணாவது ஆளு எவிடெ?” என்றார்.

மயிலாத்தாள் பையின்மேல் கையை வைத்தாள். “இங்கதான் இருக்கறாங்க.”

கண்டக்டர் பையைப் பார்த்தார். தங்கதுரையைப் பார்த்தார். தங்கதுரை தண்ணீரைப் பார்த்தான்.

“அது ஹாஃப் டிக்கெட் மதியல்லோ அம்மா?”

“ஃபுல்லே இருக்கட்டுங்க. கல்யாணமான புள்ளைங்க.”

அடுத்த பெஞ்சுக்குப் போன கண்டக்டர் அங்கிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மணி அடித்தது. கரை விலகியது. காயலுக்குக் குறுக்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. மேலே ஒன்றுமில்லை. ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று படகை உரசிக்கொண்டு போனது. மயிலாத்தாள் கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

“பச்சையா இருக்குதே. இங்கெங்கீங்க சாயப்பட்டறை?”

“இது தண்ணியோட நெறமே இப்படித்தானுங்க.”

“இத்தனை தண்ணி. ஒரு வாய் குடிக்க முடியுமுங்களா?”

“உப்புங்க.”

“அப்ப நம்மூரும் இதுவும் ஒண்ணுதான்.”

அவன் எழுந்து முன்னால் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். போக வேண்டிய இடம் எதுவும் இல்லாதபோதும் நேரமாகிவிட்டது போலவே இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். இரவுச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பான்.

முதல் தீவில் இறங்கினார்கள். ஒரு மாதா கோயில், ஒரு ரேஷன் கடை, உப்புக்காற்றில் துருப்பிடித்த சைக்கிள்கள். தென்னைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. இருபது நிமிடம் நடந்தால் தீவு முடிந்து மறுபடி தண்ணீர் வந்தது. மயிலாத்தாள் அங்கே நின்று பையின் வாயைச் சற்று விரித்தாள், உள்ளே இருப்பவளுக்குக் காற்றுப் படட்டும் என்பதுபோல.

“இதுங்களா?”

“எதுங்க அத்தை?”

“அவ சொன்ன தீவு.”

“எதுன்னு சொல்லலீங்க.”

“பேர் சொல்லியிருப்பாளே. நெனைச்சுப் பாருங்க.”

“இல்லீங்க.”

“அப்ப எல்லாத்துக்கும் போயிரோணும்,” என்றாள். திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்த படகு. மறுபடியும் மூன்று டிக்கெட். இந்தக் கண்டக்டர் இளைஞர், எண்ணிப்பார்க்காமலே கிழித்துக் கொடுத்தார். இரண்டாவது தீவு முதலாவதைவிடச் சின்னது. இறால் வளர்க்கும் கட்டு, அதன் வரப்பில் காவலுக்குக் கட்டிய நாய், ஒரு பெட்டிக்கடை. கடையில் சர்பத் குடித்தார்கள். மயிலாத்தாள் தன் டம்ளரிலிருந்து கொஞ்சம் தரையில் ஊற்றினாள். கடைக்காரர் ஈ விழுந்துவிட்டது என்று நினைத்து வேறு டம்ளர் கொண்டுவந்தார்.

நடக்கிறபோதும் படகிலும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“எந்நேரத்துக்குங்க சொன்னா? சாப்படறப்பவா?”

“வண்டி எடுக்கறப்பங்க.”

“வண்டி மேல உக்காந்துட்டா?”

“ஆமாங்க.”

“சிரிச்சுட்டுச் சொன்னாளா, சும்மாச் சொன்னாளா?”

“சிரிச்சுட்டுத்தானுங்க.”

“எந்தத் துணி போட்டிருந்தா?”

“ஊதாச் சுடிதாருங்க.”

அது மட்டும் உண்மை. மற்றவை கேட்கக் கேட்க அவன் வாயிலிருந்து தாமாக வந்தன. அவனுடைய வேலையே அதுதான். துணி சாயப்பட்டறைத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்போதே கட்டிங் முடிந்தது என்பான். கட்டிங் டேபிளில் இருக்கும்போது பேக்கிங் நடக்கிறது என்பான். பொய் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஃபாலோ-அப் என்பார்கள். கேட்கிறவருக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து அதை எப்படியாவது உண்மையாக்கிக் கப்பலேற்றிவிடுவார்கள். இதை எங்கே கொண்டுபோய் ஏற்றுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது படகில் கூட்டம். காஸ் சிலிண்டர் ஒன்று ஏறியது, டியூஷன் முடிந்த பிள்ளைகள் ஏறினார்கள், விற்றது போக நாலு மீன் மிஞ்சிய கூடையோடு ஒரு பெண் ஏறினாள். ஐம்பது வயதிருக்கும். பெஞ்சில் பையைப் பார்த்ததும் அதை இடது கையால் நகர்த்திவிட்டு உட்காரப் போனாள்.

“ஆளிருக்குதுங்க,” என்றாள் மயிலாத்தாள்.

“எவிடெ?”

“டிக்கெட் எடுத்திருக்குதுங்க.” மூன்று டிக்கெட்டையும் விரித்துக் காட்டினாள்.

மீன்காரி டிக்கெட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்த்தாள். “பைக்கு சீட்டு, மனுஷனு நில்ப்பு,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள்.

“மீன் நாத்தம் சேலைக்கு ஏறிக்குமுங்க. கூடையவாச்சும் அக்கட்ட வைங்க.”

“நாத்தமோ? இது காலைல பிடிச்ச மீன். தின்னு நோக்கியால் அறியாம்.”

“எங்களுக்கு வேண்டாமுங்க. நாங்க காரியத்துக்கு வந்தவங்க.”

தங்கதுரை எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். மீன்காரி உட்கார்ந்ததும் கோபம் போய்விட்டது. பைக்குள் எட்டிப் பார்த்து, “நல்ல சாரி. மோளுக்கா?” என்றாள். மோள் என்றால் மகள் என்பது மயிலாத்தாளுக்குப் புரிந்தது.

“ஆமாங்க.”

“மோளுக்கு எத்ர குட்டிகள்?”

அதுவும் புரிந்தது. இந்தக் கேள்வி எந்த ஊர்ப் பாஷையில் கேட்டாலும் புரிகிற கேள்வி. மயிலாத்தாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்லீங்க,” என்றாள்.

மீன்காரி கூடையைக் காலால் தள்ளித் தூரமாக வைத்தாள்.

அப்போது தங்கதுரையின் போன் அடித்தது. ஆர்டர் கொடுத்த சென்னை பையிங் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

“சொல்லுங்க சார். ஃபேக்டரிலதான் இருக்கேன். செக்கிங் முடிஞ்சுது சார், அயர்னிங் ஓடிட்டிருக்கு. இல்ல சார், எம்ப்ராய்டரி பீஸ் எல்லாம் நேத்தே வந்திருச்சு. நாளைக்குக் கன்டெய்னர் ஏத்திரலாம்.”

எம்ப்ராய்டரி பீஸ் வரவில்லை. அவன் தலைக்கு மேலே மணி இரண்டுமுறை அடித்தது. இன்ஜின் உறுமிக் குறைந்தது.

“அதா சார்? ஃபயர் அலாரம். டெஸ்டிங் பண்றாங்க.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். மயிலாத்தாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

“போன்ல பின்னால கேக்கற சத்தமெல்லாம் அக்கட்டத்து ஆளுக்குக் கேக்குமுங்க மாப்பிள்ளை,” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் போனை மறுபடி வெளியே எடுத்து அணைத்தான்.

அந்தப் படகு போய்ச்சேர்ந்த தீவுதான் எல்லாவற்றிலும் சின்னது. இறங்கியவர்கள் அவர்கள் இருவரும் காஸ் சிலிண்டரும்தான். சிலிண்டரை ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெட்டியில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு நிழல், ஒரு சிமெண்ட் பெஞ்சு. எதிரே கரையோரம் மூங்கில் கழிகளில் கட்டிய சீன மீன்வலை ஒன்று வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த போட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று போகும்போது கண்டக்டர் கத்திச் சொன்னார்.

“சுத்திப் பார்க்கலாமுங்களா அத்தை?”

“உக்காருங்க மாப்பிள்ளை.”

அவன் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பையை இரு கைகளாலும் மடியில் பிடித்திருந்தாள்.

“அன்னைக்குக் காலைல நான் போன் பண்ணுனேனுங்களே.”

“ஆமாங்க.”

“மூணு வாரம் மனசைக் கல்லாக்கிட்டு இருந்து பார்த்தேன். முடியல. விடிஞ்சும் விடியாம நானே பண்ணுனேன். நீங்கதான் எடுத்தீங்க. தூங்கறான்னீங்க.”

அவன் தூணைப் பிடித்திருந்த கையை மாற்றினான்.

“தோசைக் கல்லுல மாவு ஊத்தற சத்தம் கேட்டுச்சுங்க. சொய்ங்குனு. ஒண்ணு ஊத்தி, திருப்பிப் போட்டு, இன்னொண்ணும் ஊத்துனாங்க.” இருமல் வந்தது. அடக்கிக்கொண்டாள். “மாப்பிள்ளைதான் ஊத்தறாருபோல, புள்ளை அசந்து தூங்கறாபோலன்னு நெனைச்சுக்கிட்டேன். ஒரு கையில போனு, ஒரு கையில கரண்டி. அப்படித்தான் இருக்கும்னு வெச்சுக்கிட்டேன். இத்தனை நாளும் அப்படியே வெச்சிருந்தேனுங்க. இன்னைக்குக் காலைல கேட்டேன். அதுக்கப்புறந்தான் அடுப்பே பழகுனேன்னு சொல்லிப்போட்டீங்க.”

காற்றில் வலை ஆடியது. அதன் மூங்கில் முறுகிய சத்தம் மட்டும் கேட்டது.

“அது பக்கத்து ஊட்டுல…” என்று தங்கதுரை ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவர், ஜன்னல், அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன. சொன்னால் நம்பும்படியாகவே இருக்கும்.

“வேண்டாமுங்க,” என்றாள் மயிலாத்தாள். எழுந்து வந்து பையை அவன் கையில் கொடுத்தாள். “இதை உங்கம்மாளே வெச்சுக் கும்பிடட்டும். நான் அன்னைக்கு அடுப்படில நின்னுக்கறேன். நான் வெச்சா எடுக்க மாட்டா. எம்புள்ளையைப் பத்தி எனக்குத் தெரியும். கையிலிருந்த வளையலைத் தட்டுல வெச்சா பாருங்க, அதை நான்தான் புடுங்குன மாதிரி.”

“அத்தை.”

“ஊர் சொல்றதுக்குள்ள நாம சொல்லிப்போடலாம்னு பார்த்தேனுங்க. அவங்க சொன்னா அவளுக்கு வலிக்கும்னு.” இருமல் பிடித்துக்கொண்டது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்து, முதுகு குலுங்க, நிறுத்தமில்லாமல் இருமினாள்.

தங்கதுரை பையை வைத்துக்கொண்டு நின்றான். அது கனமாக இல்லை. அந்த இருமலை அவன் போனிலும் கேட்டிருந்தான். அன்று காலை அவள், “மாப்பிள்ளைங்களா” என்றதற்கும் “அனுகிட்டக் குடுங்க” என்றதற்கும் நடுவில் இதே இருமல் வந்தது. முடியும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தூரத்தில் படகு தெரிந்தது. இந்தப் பக்கம் வருகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்று சொல்ல முடியாத தூரம். அன்று முதல்முறையாக அவன் அவசரமில்லாமல் உட்கார்ந்தான். பையைத் தனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தான்.

“முழிச்சுட்டுத்தான் இருந்தாளுங்க,” என்றான்.

அவள் தலையாட்டினாள்.

“நீங்கன்னு தெரிஞ்சதும் கரண்டியை ஆட்டி வேண்டாம்னா. அப்புறம் உள்ளங்கைய இப்படிக் கன்னத்துல வெச்சுக் காட்டுனா. தூங்கறேன்னு சொல்லச் சொல்லி. நான் யோசிக்கவே இல்லீங்க. சொல்லிட்டேன். எனக்கு அது பழக்கமுங்க.”

“கோவந்தானுங்க அப்ப.”

“கோவந்தானுங்க.”

சொல்லி முடித்ததும் ஏதாவது நடக்கும் என்று பயந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“போட்டுன்னு சொன்னது?”

“அது நாலஞ்சு நாளைக்கு முன்னாலங்க. ஆசைப்பட்டது நெசந்தானுங்க. அன்னைக்குச் சொல்லல.”

“சிரிச்சுட்டுச் சொன்னான்னீங்களே.”

“அன்னைக்குச் சிரிக்கலீங்க.”

படகு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் தண்ணீரின்மேல் மெல்லக் கேட்டது. மயிலாத்தாள் அதைப் பார்க்கவில்லை.

“அப்பக் கடைசியா என்னதானுங்க சொன்னா? திட்டியிருந்தாலும் பரவால்ல. அப்படியே சொல்லுங்க.”

அவன் இத்தனை நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு அவள் தோசையைத் தட்டில் போட்டு அவனுக்குக் கொடுத்தாள். தானும் நின்றுகொண்டே ஒன்றைத் தின்றாள். இருவரும் பேசவில்லை. துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுபோனாள். அவன் அதற்குள் சாயப்பட்டறைக்காரரிடம் மொபைலில் பேசிக்கொண்டே வெளியே வந்திருந்தான். அவள் வண்டியில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். துப்பட்டாவைக் கீழே இழுத்து வாயை விடுவித்துக்கொண்டாள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன என்று தலையை ஆட்டினான். அவள் கேட்டாள். அவன் ஆமாம் என்றானா, தெரியவில்லை என்றானா, இல்லை, பதிலே சொல்லாமல் மறுபடி போனைக் காதில் வைத்தானா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வருவதில்லை.

“வண்டி மேல உக்காந்துட்டுக் கேட்டாளுங்க,” என்றான். “கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதானுங்க அத்தை.”

“என்ன கேட்டா?”

“‘அம்மா இன்னும் இருமுதுங்களா?’”